பருவுக்குப் போட்ட மாத்திரை

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது. என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் கொடுத்து முடித்தாயிற்று. முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. ஒத்தாசைக்குப் போயிருந்த நான், ராத்திரி சாப்பிட்டதும் அவள் ஏதோ மாத்திரை விழுங்குவதைப் பார்த்தேன்.

"என்னடி அது?"

"பருவுக்கு அத்தை. ஹாஸ்டல்ல கூட இருந்தவ கொடுத்தா. வைட்டமின் 'ஏ' மாதிரிதானாம்."

முகம் பளிச்சென்று ஆகியிருந்தது நிஜம். ஆனால், உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தேன். 'ஐசோட்ரெடினாயின்' என்று பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில், கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்று ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குத் திக்கென்றது.

மறுநாளே தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தை, தோழி கொடுத்தாள்னு சாப்பிடுவியா?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். கடும் பருவுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால், இதைச் சாப்பிடும்போது கரு தரித்தால், காது சிறுத்தோ இல்லாமலோ போகலாம். மூளை, இருதயம், அண்ணம் எல்லாவற்றிலும் கோளாறு வரலாம். உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில்தான். நாள் தள்ளிப்போய்த் தெரிவதற்குள் கெடுதல் நடந்து முடிந்துவிடும். இந்த மருந்து பட்டுப் பிறந்த குழந்தைகளில் 100-க்கு 20 முதல் 35 வரை பெரிய குறைபாடு இருந்ததாம்.

அமெரிக்காவில் 1982-ல் இது விற்பனைக்கு வந்தது. மறு வருஷமே குறையோடு குழந்தைகள் பிறந்த செய்தி வந்துவிட்டது. 2006 முதல் அங்கே டாக்டர், மருந்துக்கடை, நோயாளி மூவரும் பதிவு செய்தால்தான் மருந்து கிடைக்கும். நம் வீட்டுப் பெண்ணோ, மிட்டாய் மாதிரி கைமாற்றி வாங்கியிருக்கிறாள்!

"உடனே நிறுத்து. நிறுத்தி ஒரு மாசம் முழுசா ஆகணும். அதுவரை கர்ப்பம் கூடாது. லேடி டாக்டரைப் பார்த்துத் தகுந்த தடுப்பு கேட்டுக்கோ. ரத்த தானமும் அதுவரை வேண்டாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி அழுதாள். "வாயைத் திறக்காதீங்க. பொண்ணுக்கு ஏதோ வியாதின்னு கல்யாணமே நின்னுடும்." நானும் தயங்கினேன். ஆனால், அந்தப் பெண் எங்களைவிடக் கெட்டிக்காரி. தானே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். "ஒரு மாசம் பொறுத்தா போச்சு, இதுக்கா பயந்தே?" என்றாராம் அவர். கல்யாணம் குறித்த நாளில் ஜாம்ஜாம் என்று நடந்தது. மாமியார் "விசேஷம் உண்டா?" என்று கேட்டபோதெல்லாம் அவரே சமாளித்துக்கொண்டார்.

பெண்ணைப் பெற்றவர்களே, முகப்பருவுக்குப் போகும்போதே, "இவளுக்கு வரன் பார்க்கிறோம்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணமான பெண்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்த பிறகே இந்த மருந்தைத் தொடங்க வேண்டும். மீதி மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். சொரியாசிஸுக்குத் தரும் 'அசிட்ரெடின்' என்றால் நிறுத்திய பிறகு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். இதே இனத்தைச் சேர்ந்த 'ட்ரெடினாயின்' கிரீமையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். முருங்கைக்கீரை, காரட் சாப்பிட பயம் வேண்டாம். அதில் இந்த ஆபத்து இல்லை. தெரியாமல் சாப்பிட்டு, கர்ப்பமும் ஆகிவிட்டால் மறைக்காதீர்கள். மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே லேடி டாக்டரிடம் ஓடுங்கள். எல்லாக் குழந்தைக்கும் குறை வந்துவிடுவதில்லை. ஸ்கேன் பார்த்து வழி சொல்வார்கள்.

போன வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எல்லாரும் "யார் ஜாடை?" என்று முகத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் துணியை விலக்கி, முதலில் இரண்டு காதையும் பார்த்தேன். பூ மாதிரி இருந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

- ஒரு அத்தை, திருச்சி.