தொகுப்பு வீடு: பெயர் ஏறுவது முதல் கூரை ஏறுவது வரை

ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வீடு வந்துவிடும் என்று நம்பி பி.டி.ஓ. அலுவலகத்துக்கு நடப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 2016 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் அப்படி இயங்குவதில்லை. அதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடப்பது எளிதில் பிடிபடும்.

முதலில், இலைக் கணக்கு. உலை வைக்கும் முன்பே எத்தனை இலை விழும் என்று எண்ணிவிடுவார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்பு. தொடக்கத்தில் 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துப் பட்டியல் போட்டார்கள். அதில் விடுபட்டவர்களுக்காகப் பிறகு வந்தது ‘ஆவாஸ் பிளஸ்’ கணக்கெடுப்பு. இந்தக் கணக்கில் பெயர் ஏறாமல் எத்தனை மனு கொடுத்தும் பயனில்லை.

அடுத்து, முதல் பந்தியில் யார்? பசி தாங்காதவர்களை முன்னால் உட்கார வைப்போம் அல்லவா? அதுபோல வீடே இல்லாதவர்கள், பிச்சை எடுத்துப் பிழைப்பவர்கள், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் முன்வரிசையில் வருவார்கள். மற்றவர்களுக்கு, இருக்கும் குடிசையில் எத்தனை அறை என்று பார்த்து வரிசை அமையும்.

பிறகு அந்த வரிசையைச் சரிபார்ப்பது கிராம சபை. பந்தியில் யாருக்கு இடம் கிடைக்கவில்லை என்பது ஊராருக்குத்தான் தெரியும். ஆகவே தகுதியில்லாத பெயரை நீக்கச் சொல்வதும், விடுபட்ட பெயரைச் சொல்வதும் அங்கேதான் நடக்க வேண்டும்.

பெயர் உறுதியானதும் அனுமதி உத்தரவு வரும். பெரும்பாலும் அது குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன், மனைவி இருவர் பெயரிலுமோ இருக்கும். மனை இல்லாதவருக்கு மனை ஏற்பாடு செய்வது மாநில அரசின் பொறுப்பு.

இனி பரிமாறுதல். சமவெளியில் வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். தமிழ்நாட்டில் இதன் மேல் காங்கிரீட் கூரைக்காக மாநில அரசும் தனியாகப் பணம் சேர்க்கிறது. கூட்டும் பொரியலும் தனித்தனி வாளியில் வருவது போல, கழிப்பறைக்கான 12,000 ரூபாய் தூய்மை இந்தியா திட்டத்திலிருந்து வரும். 2016-இல் வகுத்த விதிப்படி சமவெளியில் 90 நாள் கூலி நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிடைத்துவந்தது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இலையில் கொட்ட மாட்டார்கள். உத்தரவு வந்ததும் முதல் தவணை வங்கிக் கணக்கில் விழும். அதன்பின், சாம்பார் சாதம் முடிந்ததா என்று இலையைப் பார்த்து ரசம் ஊற்றுவது போல, ஓவர்சியர் வந்து கட்டடத்தைக் கைபேசியில் படம் எடுப்பார். இடக்குறிப்போடு அந்தப் படம் இணையத்தில் ஏறிய பிறகுதான் அடுத்த தவணை. அஸ்திவாரம் அல்லது பேஸ்மட்டம், லிண்டல், கூரை என்று படிப்படியாக இது நடக்கும். ஆகவே ஒரு மட்டம் முடிந்த அன்றே ஓவர்சியருக்குச் சொல்லிவிடுங்கள். படம் தாமதமானால் பணமும் தாமதம். இடையில் கடன் வாங்கினால் வட்டி உங்கள் தலையில்.

வீடு சமையலறையோடு சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கட்டுவது பயனாளிதான், ஒப்பந்ததாரருக்கு இதில் இடமில்லை. பட்டியலில் பெயர் சேர்க்கவோ தவணை விடுவிக்கவோ யாருக்கும் கட்டணம் கிடையாது.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை உண்டு. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர் வராவிட்டால் அங்கேயே எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் சொல்லுங்கள்.