தொண்டை வலி: ரத்தத் தட்டு சொல்லும் ரகசியம்!

குழந்தைக்குத் தொண்டை வலியா? பெரும்பாலும் வைரஸ்தான், தானாகவே சரியாகிவிடும். ஆனால், 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்றால் கவனமாக இருக்க வேண்டும். சிகிச்சை எடுக்காமல் விட்டால் சில வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதய வால்வையே பாதிக்கலாம்.

தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்ததை, ஆட்டு ரத்தம் கலந்த அகர் தட்டில் தேய்த்து, 37 டிகிரி சூட்டில் இரவு முழுக்க வைக்கிறார்கள். மறுநாள் சின்னச் சின்னப் புள்ளிகள். சுற்றிலும் சிவப்பு மறைந்து, கண்ணாடி போல் தெளிந்த வளையம். ரத்த அணுக்களைக் கிருமி உடைத்த தடயம் அது! அடுத்து, எந்தப் பிரிவு என்று பார்ப்பார்கள். இந்தப் பிரிவுகளை 1933-ல் வகுத்துக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு.

வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டு லேபுக்குப் போனால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வரலாம்.