ரேடியோவை மாற்றினால் போதும் என்றிருந்த காலம்

76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை: ஜப்பானில் எஃப்.எம். வானொலிக்குப் பல பத்தாண்டுகளாக ஒதுக்கியிருந்த இடம் அவ்வளவுதான். அதற்கு மேல், 90 முதல் 108 வரை, தொலைக்காட்சியின் முதல் மூன்று சேனல்கள் இடம்பிடித்திருந்தன. நியூசிலாந்தின் எஃப்.எம். நிலையங்களோ 88க்கும் 108க்கும் இடையே ஒலிபரப்பாகின்றன. ஆகவே 1990களில் ஜப்பானில் கப்பலேறி ஆக்லாந்தில் இறங்கிய ஒரு பழைய கொரோலாவில் மற்றதெல்லாம் பொருந்தியிருக்கும். ஸ்டீயரிங் வலப்பக்கம். இரு நாட்டிலும் வண்டி போவது சாலையின் இடப்பக்கம் என்பதால் முகப்பு விளக்கின் ஒளி விழும் கோணம்கூடச் சரி. வேகமும் கிலோமீட்டரில்தான். ரேடியோவைத் திருகினால் மட்டும் இரைச்சல். நடுவே 88க்கும் 90க்கும் இடையில் அகப்பட்ட ஒன்றோ இரண்டோ நிலையம்.

ஜப்பானியக் காரை ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஏற்றபடி மாற்றுவது என்றால் அன்று பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான்.

அந்தக் கார் அங்கே வந்துசேர்ந்ததே ஒரு கதை. 1980களின் நடுப்பகுதி வரை நியூசிலாந்தில் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். அந்நியச் செலாவணிக்கும் கட்டுப்பாடு. கார்கள் உதிரிகளாகப் பெட்டிகளில் வந்து போரிருவா, தேம்ஸ், நெல்சன் போன்ற ஊர்களின் ஆலைகளில் பூட்டப்பட்டன. புதுக் காருக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் ஓடிய காருக்கும் விலை இறங்காது. அம்பாசடருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நம் அப்பாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1984இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசும் அதன் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸும் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். 1980களின் முடிவில் ஜப்பானின் பழைய கார்களுக்குக் கதவு திறந்தது. 1998இல் கார் இறக்குமதி வரி முழுவதுமாகப் போனது. மிஞ்சியிருந்த ஆலைகளும் அந்த ஆண்டோடு மூடப்பட்டன.

ஜப்பானில் அந்தக் கார்கள் மலிவாகக் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை வரும். வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து ஒரு கணிசமான தொகை கேட்கும். இதற்குப் புதுசையே வாங்கிவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். நல்ல நிலையில் உள்ள கார்கள் இப்படி ஏல முற்றங்களுக்கு வந்து குவிந்தன.

இனி அந்த ரேடியோ வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மெக்கானிக் டேஷ்போர்டின் முன்சட்டத்தை நெம்பி எடுப்பார். ரேடியோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி முன்னால் இழுத்தால் முதுகில் ஏரியல் ஒயர் தெரியும். அதைப் பிடுங்கி, இடையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டியைச் செருகுவார். கறுப்பு ஒயர் காரின் உலோக உடம்புக்கு. சிவப்பு ஒயர், சாவி போட்டதும் மின்சாரம் வரும் இணைப்புக்கு. 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்பார்கள். அது எதையும் விரிப்பதில்லை. உள்ளே இருக்கும் கிறிஸ்டலின் உதவியால், வருகிற அலைவரிசையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 16 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால் 101.4இல் ஒலிபரப்பாகும் நிலையம் ரேடியோவில் 85.4 என்று வரும். 92க்குக் கீழேயும் 106க்கு மேலேயும் உள்ளவை கைவிட்டுப் போகும். விளம்பரத்தில் நிலையத்தின் எண்ணைக் கேட்டதும் மனதுக்குள் 16ஐக் கழித்துக்கொள்ளும் பழக்கம் ஓட்டுநர்களுக்குத் தானாக வந்துவிடும். மலைப்பாங்கான இடங்களில் இரைச்சல் கூடும். பொறுமையில்லாதவர்கள் ரேடியோவையே தூக்கிவிட்டு வேறு மாட்டிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் அதுவும் ஒரு மணி நேர வேலை.

மற்ற சில்லறைகள் இதைவிட எளிது. கண்ணாடியில் ஒட்டிய பரிசோதனை வில்லையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பின்கண்ணாடியில் வட்டமாக இன்னொரு வில்லை இருக்கும்: காரை நிறுத்த இடம் வைத்திருக்கிறேன் என்பதற்கு ஜப்பானியக் காவல்துறை 2025 வரை தந்துவந்தது. முன்பயணியின் கால்மாட்டில் சிவப்புக் குழாயில் ஓர் அவசரத் தீச்சுடர். முதல் அலையில் வந்த சில கார்களில் 100ஐத் தாண்டியதும் கிண்கிண் என்று மணி அடிக்கும். 1986 வரை ஜப்பானில் அது கட்டாயம். நியூசிலாந்தில் திறந்த சாலையின் வேக வரம்பு 1985இலிருந்து அதே 100. என்னைக் கேட்டால், அந்த மணியைக் கழற்றாமல் விட்டிருக்கலாம்.

கையேடு ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். அதற்காக ஆங்கிலக் கையேடுகளைத் தயாரித்து விற்பதே ஒரு சிறு தொழிலானது. சேவைக் குறிப்பேட்டில் ஆண்டு ஹெய்செய் 8 என்றிருந்தால் 1996 என்று கணக்குப் போட வேண்டும். ஏலத்தாளில் கையால் கிறுக்கிய குறிப்புகளைப் படிக்க ஆள் வேண்டும். உள்நாட்டுக்கென்று செய்த ஜப்பானியக் கார்களில் 17 எழுத்து அடையாள எண் கிடையாது. குட்டையான சட்டக எண்தான். நியூசிலாந்தில் புதிதாக ஓர் எண் கொடுப்பார்கள். அது 7A8 என்றும் பின்னாளில் 7AT என்றும் தொடங்கும். உதிரிபாகம் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பதென்னவோ அந்தப் பழைய சட்டக எண்ணைத்தான்.

ஆனால் ஓட்டுகிறவரின் கைக்கு எட்டும் இடத்தில் மொழிச் சிக்கல் அநேகமாக இல்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 1990களின் ஜப்பானியக் கார்களில், ஜப்பானியர்களுக்காகவே செய்த கார்களிலும்கூட, பொத்தான்களில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தோ சின்னமோதான் இருந்தது. ஏ.சி., ஆட்டோ, ஆஃப், பவர், ஸ்னோ எல்லாம் ரோமன் எழுத்தில். கார் ஊமையாக இருந்தது, பொத்தான் பேசியது. அதனால்தான் ஒரு ரேடியோவை மாற்றியதும் வேலை முடிந்தது.

சிக்கல் திரையோடு வந்தது. வழிகாட்டித் திரைகள் ஜப்பானில் மற்ற நாடுகளைவிட முன்னதாகவே பரவின. முதலில் குறுந்தட்டு, பிறகு டிவிடி, ஹார்ட் டிஸ்க், எஸ்.டி. கார்டு. வரைபடத்தில் இருப்பது ஜப்பான் மட்டும். ஆக்லாந்தில் சாவி போட்டால் தெருவும் இல்லை, ஊரும் இல்லை. கூடவே 2001இல் நெடுஞ்சாலைச் சுங்கம் தானாகக் கழியும் ஈ.டி.சி. முறை ஜப்பானெங்கும் பரவத் தொடங்கியது. அதற்காகக் காரில் வைத்த பெட்டியிலிருந்து, கார்டு செருகப்படவில்லை என்று ஒரு பெண்குரல் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் பணிவாகச் சொல்லும். நியூசிலாந்தின் சுங்கச் சாலைகளில் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்கிறது. இந்தப் பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை. பின்சீட்டுக் குழந்தைகள் அந்த வாக்கியத்தை ராகம் பிசகாமல் கூடவே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பழைய ரேடியோவைத் தூக்கியதுபோல் இந்தத் திரையைத் தூக்கிவிடலாமே என்றால், ஒவ்வொன்றாக முளைக்கும். டொயோட்டாவின் உள்நாட்டுத் திரைகள் பல 200 மில்லிமீட்டர் அகலம். கடையில் கிடைக்கும் பொதுவான திரை 180 போல. இரண்டு பக்கமும் சந்து விழும், சட்டம் வைத்து அடைக்க வேண்டும். பின்கேமராவின் ஒயர் வேறு மாதிரி. மாற்றி இல்லாமல் படம் வராது. ஸ்டீயரிங்கில் உள்ள ஒலிப் பொத்தான்கள் வேலை செய்ய இன்னொரு சின்னப் பெட்டி. சரி, இருக்கிற திரையே இருக்கட்டும் என்று விட்டால், பேட்டரி மாற்றுகிற அன்று அது பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல் வைத்தவர் ஜப்பானில் எங்கோ இருக்கும் பழைய உரிமையாளர். வரைபட எஸ்.டி. கார்டை யாராவது கழற்றியிருந்தால் சில திரைகளில் பாட்டுக்கூடக் கேட்க முடியாது.

மின்சாரக் கார் வந்ததும் விளையாட்டு முற்றியது. 2010 டிசம்பரில் வெளிவந்த நிசான் லீஃப், சில ஆண்டுகளில் பழைய காராக நியூசிலாந்துக்கு வரத் தொடங்கியது. பலருக்கு அதுவே முதல் மின்சாரக் கார். இரவில் மலிவு விலை மின்சாரத்தில் ஏற்ற நேரம் குறிக்க வேண்டுமா? குளிர்காலக் காலையில் முன்கூட்டியே சூடாக்க வேண்டுமா? இவையெல்லாம் பட்டியலுக்குள் பட்டியலாக ஜப்பானிய எழுத்தில். உரிமையாளர்கள் திரையைப் படமெடுத்து, ஒவ்வொரு பொத்தான்மேலும் எண் போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். முன்பு காசு கொடுத்து வாங்கிய கையேட்டை இப்போது தாங்களே எழுதினார்கள். வீட்டில் ஏற்றும் கேபிளும் ஜப்பானின் 100 அல்லது 200 வோல்ட்டுக்குச் செய்தது; நியூசிலாந்தில் 230. அதன் முனையை வெட்டி உள்ளூர்ப் பிளக் மாட்டுவது ஆபத்தான சிக்கனம்.

இதற்கிடையில் ஓட்டுகிறவரின் சட்டைப்பையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்துகொண்டார். 2017இல் கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில், ஜப்பானிய எழுத்தின்மேல் கேமராவைக் காட்டினால் அந்த இடத்திலேயே ஆங்கிலம் தெரியும் வசதி வந்தது. எழுத்து கொஞ்சம் ஆடும், சில சமயம் உளறும். ஆனாலும் எண்ணெய் மாற்றச் சொல்கிறதா, கதவைச் சாத்தச் சொல்கிறதா என்பது புரிந்துவிடும். அதைவிடப் பெரிய உதவி கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும். திரை எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் போனை இணைத்தால் வரைபடமும் பாட்டும் ஓட்டுநரின் மொழியில். ரேடியோச் சிக்கலும் தானாகவே பாதி கரைந்தது. 2011இல் ஜப்பான் பழைய தொலைக்காட்சி ஒலிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்தியது. காலியான இடத்தில் 90 முதல் 95 வரை வானொலிக்குக் கிடைத்து, 2014இன் இறுதியில் அங்கே ஒலிபரப்பும் தொடங்கியது. புது ரேடியோக்கள் 95 வரை பிடிக்கின்றன. எதற்கோ எடுத்த முடிவு ஆக்லாந்துக் காரில் நாலு நிலையத்தைக் கூட்டிக் கொடுத்தது.

அதனால் முன்பைவிட இப்போது சுலபம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பாட்டும் வழியும் போனுக்குப் போனது சரி. ஆனால் ஏ.சி., சக்கரக் காற்றழுத்தம், மோதல் எச்சரிக்கை, தடம் விலகும்போது வரும் குரல் எல்லாம் காரோடுதான் இருக்கின்றன; காரின் மொழியிலேயே இருக்கின்றன. மீட்டர் பக்கத்துச் சின்னத் திரை சில கார்களில் ஆங்கிலத்துக்கு மாறும், நடுத்திரை மாறாது. மாறாததை மாற்ற இப்போது ஸ்குரூடிரைவர் உதவாது. மடிக்கணினியோடு வருபவர் வேறு நாட்டுக்கான மென்பொருளை ஏற்றிப் பார்ப்பார். சில மாடல்களுக்கு அது நன்றாகவே கைகூடுகிறது. கைகூடாவிட்டால் திரை கறுப்பாக நின்றுவிடும். பழைய ரேடியோ வேலையில் தவறினால் போவது ஒரு ரேடியோ. இதில் பின்கேமராவும் காரின் பாதி அமைப்புகளும் சேர்ந்து போகும்.

அந்த ஊமைக் காரையே வாங்கிவிடலாமே என்றால், வழி குறுகிவிட்டது. 2020 மார்ச் முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வழுக்கும்போது காரை நிலைப்படுத்தும் மின்னணுக் கருவி இல்லாத பழைய காரை நியூசிலாந்தில் இறக்க முடியாது. உயிர் காக்கும் விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதோடு வருகிற காரில் திரையும் குரலும் சேர்ந்தே வருகின்றன. 2021 முதல் 2023 முடிய அரசு கொடுத்த கழிவுத்தொகை ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பக்கம் மக்களைத் தள்ளியது. பேச்சு அதிகம் உள்ள கார்களும் அவைதாம்.

இலங்கையிலும் இதே கதையின் இன்னொரு கிளை ஓடுகிறது. அக்வா, விட்ஸ், ஆக்சியோ, வேகன் ஆர் என்று அங்கே 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் இறங்கிய கார்களில் சுங்கக் குரல் கொழும்பு நெரிசலிலும் ஒலித்தது. 2020 மார்ச்சில் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த காரின் விலை ஏறியது. பூட்டிக்கொண்ட திரையைத் திறக்கத் தெரிந்தவருக்கு மவுசும் ஏறியது. மாற்றுவதற்கு மொழி ஒன்றல்ல மூன்று என்றாலும், அங்கேயும் திரையை மாற்றுவது ஆங்கிலத்துக்குத்தான்.

நியூசிலாந்தில் வணிகர் விற்கும் ஒவ்வொரு பழைய காரிலும் ஒரு தகவல் அட்டை வைக்க வேண்டும் என்பது சட்டம். எந்த ஆண்டுக் கார், எவ்வளவு ஓடியது, அடிபட்ட நிலையில் இறக்குமதியானதா என்பதெல்லாம் அதில் உண்டு. மோதப் போகிறாய் என்று இந்தக் கார் எந்த மொழியில் சொல்லும் என்பதையும் அதில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதுவரை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: போனை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள், அமைப்புப் பட்டியலைத் திறந்து ஆங்கிலம் இருக்கிறதா என்று தேடுங்கள், எஸ்.டி. கார்டு செருகியிருக்கிறதா என்று பாருங்கள், திரையை மாற்றினால் பின்கேமரா தெரியும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.