நோட்பேடில் எழுதியது இணையப் பக்கமாவது எப்படி?

இணையதளம் தொடங்க விலை உயர்ந்த மென்பொருள் வேண்டாம், நோட்பேட் போதும். அதில் ‘அம்மா’ என்று எழுதி, கோப்பின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து எச்டிஎம்எல் (html) என்று சேர்த்துச் சேமியுங்கள். அதைத் திறந்தால் பிரவுசரில் உங்கள் முதல் பக்கம் தயார்.

எப்படி? எச்டிஎம்எல் என்பது குறியிடும் மொழி. இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதுகிறோம். பிரவுசர் அந்தக் குறிகளை மறைத்துவிட்டு, அவை சொன்னபடி எழுத்தை அடுக்குகிறது.

சில பக்கங்களில் தமிழ் சிதைந்து தெரிவது ஏன்? கணினி சேமிப்பது எண்களை மட்டுமே. யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்கள். பிரவுசர் இவற்றைச் சேர்த்துப் படித்தால் ‘அ’. தனித்தனியே படித்தால் புரியாத குறிகள். பக்கத்தின் தொடக்கத்திலேயே யுடிஎஃப்-8 என்று ஒரு வரியில் அறிவித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

உங்கள் கணினியில் உள்ள பக்கத்தை உலகம் பார்க்க, அது எந்நேரமும் இயங்கும் சர்வர் என்ற கணினியில் இருக்க வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உலகளாவிய வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் கணினியில், ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

1993-இல் செர்ன் இந்த வலைத் தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் இலவசமாக்கியது. எனவே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்றே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.