வெட்கம் மறைக்கும் வியாதி



குடிக்கு அடிமையானவரை நம் மருத்துவமனைக்கு அழைத்துவரும் குடும்பத்தாரிடம், "ஏன் இத்தனை வருடம் தாமதித்தீர்கள்?" என்று கேட்கிறோம். "தங்கைக்கு வரன் பார்க்கிறோம்", "கல்யாணமானால் திருந்துவான் என்றிருந்தோம்", "சபையில் தெரிந்தால் அவமானம்" என்கிறார்கள். அதற்குள் தாய் அவர் கடனை அடைத்திருப்பார். மனைவி வேலைத்தலத்தில் காய்ச்சல் என்று சொல்லியிருப்பார். அன்பினால் செய்த இவையே வியாதியை வளரவிடுகின்றன.

சிலர் அறையில் பூட்டிவைத்துக் குடியைத் திடீரென நிறுத்துகிறார்கள். இது ஆபத்து. நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவருக்குச் சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம், 2, 3 நாட்களில் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம், உயிரும் போகலாம். ஆகவே மருத்துவர் கண்காணிப்பில், தயமின் என்னும் வைட்டமின் பி1-உம் தக்க மருந்துகளும் கொடுத்தே நிறுத்தவேண்டும்.

குடும்பத்துக்கும் ஆறுதல் தேவை. குடிநோயாளிகளின் உறவினருக்கென்றே 1951ல் அமெரிக்காவில் தோன்றிய அல்-அனான் குழுக்கள் அதை உணர்ந்தவை.

சர்க்கரை வியாதியை நாம் மறைப்பதில்லையே! உங்கள் சபையில் இப்படி ஒரு வீடு இருந்தால், அவர்களைக் குறித்துப் பேசாமல், அவர்களோடு பேசுங்கள். ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் காணிக்கை அவர்களுக்காகப் படுக்கையை ஆயத்தமாய் வைத்திருக்கிறது.