ஊசல் கடிகாரமும் மலாக்காவின் மூன்று மில்லிமீட்டரும்

கிளேபாங்கிலிருந்து மலாக்கா நகருக்குள் நுழைந்தால், டச்சுச் சதுக்கத்தில் சிவப்பு நிறக் கடிகாரக் கோபுரம் ஒன்று நிற்பதைக் காணலாம். டான் பெங் சுவீ என்ற செல்வந்தரின் நினைவாக 1886-இல் எழுப்பப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த அதன் பழைய கடிகாரத்தை 1982-இல் அகற்றிவிட்டு, ஜப்பானின் சைக்கோ கடிகாரத்தைப் பொருத்தினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் துன்புற்ற முதியோர் சிலர் அதை விரும்பவில்லை என்பர். எனக்கோ வேறொரு வருத்தம். அக்காலக் கோபுரக் கடிகாரங்களின் உயிர் ஊசலில் இருந்தது. கண்ணால் பார்த்தே அதன் சூட்சுமத்தைப் படிக்கலாம். மின்கடிகாரத்தில் அது முடியாது.

ஊசல் கடிகாரத்தை முதலில் அமைத்தவர் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், ஆண்டு 1656. கயிற்றில் தொங்கும் எடை கீழிறங்கிப் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. தடையின்றி விட்டால் எடை சரசரவென்று தரைக்கு வந்துவிடும். கடைசிச் சக்கரத்தின் மேல் நங்கூர வடிவத் துண்டு ஒன்று அமர்ந்து அதைத் தடுக்கிறது. ஊசல் ஒரு பக்கம் போகும்போது நங்கூரத்தின் ஒரு கை விலகி, மறுகை அடுத்த பல்லைப் பிடிக்கும். அந்தக் கணத்தில் பல் நங்கூரத்தைச் சற்றே தள்ளிவிடும். ஊசல் நின்றுபோகாமல் காப்பது அந்தச் சிறு தள்ளல்தான். நாம் கேட்கும் ‘டிக்’ ஒலி, பல் நங்கூரத்தின் கையில் மோதும் ஓசை.

வீச்சு சிறியதாக இருக்கும்வரை, ஊசலின் நேரத்தைக் குண்டின் எடை மாற்றாது; நீளமும் புவியீர்ப்பும் மட்டுமே தீர்மானிக்கும். இங்குதான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் ஊசலுக்கு லண்டனில் 99.4 சென்டிமீட்டர் நீளம் தேவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய மலாக்காவில் ஈர்ப்பு சற்றுக் குறைவு, 99.1 போதும். லண்டனில் சரியாக ஓடிய கடிகாரத்தை அப்படியே இங்கே மாட்டினால், நாளொன்றுக்குச் சுமார் இரண்டேகால் நிமிடம் பின்தங்கும்! 1821-இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆடவிட்டு அளந்ததும் இந்த ஈர்ப்பு வேறுபாட்டைத்தான்.

தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால், பெரட்டுக்கு மணியடித்து அழைத்த கதையைச் சொல்வார்கள். கடிகாரம் அலுவலகத்தில் இருந்தது. தொழிலாளியின் வீட்டில் இல்லை. அந்தப் பேரப்பிள்ளைகள் இன்று தாங்களே ஒன்றைச் செய்து பார்க்கலாமே!

நங்கூரம் தொடும் சக்கரத்திற்கு 30 பற்கள் வையுங்கள். ஒரு பல்லுக்கு இரண்டு டிக் என்பதால் அது நிமிடத்திற்கு ஒரு சுற்று வரும். வினாடி முள்ளை அதிலேயே மாட்டலாம். அதன் அச்சில் 8 பல் கொண்ட சிறு சக்கரம். அதைச் சுற்ற 60 பல் சக்கரம். அந்த 60 பல் சக்கரத்தின் அச்சில் மீண்டும் 8. அதைச் சுற்ற 64. ஏழரையை எட்டால் பெருக்கினால் 60 அல்லவா? நிமிட முள் கிடைத்துவிட்டது. மணி முள்ளுக்குப் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைத்தால் போதும். சக்கரங்களைப் பிளைவுட்டில் அறுக்கலாம்.

ஊசல் தண்டுக்கு நேரான மரச் சட்டம் நல்லது. வெயிலில் உலோகம் அளவுக்கு நீளாது. ஆனால் நம் ஈரக் காற்றுக்கு வார்னிஷ் பூசியே ஆகவேண்டும். குண்டுக்கு மீன்வலை ஈயம் போதும். மெல்லிய எஃகுத் தகட்டில் தண்டைத் தொங்கவிட்டு, குண்டின் அடியில் திருகு ஒன்று வையுங்கள். குண்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் நாளுக்குச் சுமார் 44 வினாடி வேகம் கூடும்.

பலகைச் சுவரில் மாட்டாதீர்கள். சுவரும் சேர்ந்து ஆடி ஊசலின் வலுவைத் தின்றுவிடும். செங்கல் சுவரே சரி. மாட்டியபின் காது கொடுத்துக் கேளுங்கள். டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் வராமல் நொண்டினால், நங்கூரத்தை இம்மியளவு சாய்த்துச் சரிசெய்யுங்கள்.