எந்தக் கார் முந்தும்?

சாலைச் சந்திப்பில் இரண்டு சிறிய கார்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று பிரீமியர் பத்மினி; மற்றொன்று மாருதி 800. பச்சை விளக்கு எரிகிறது. எது முதலில் முன்னே பாயும்?

இவ்விரு கார்களும் இன்று தயாரிக்கப்படுவதில்லை. ஆனால் இந்தியச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடியவை. பத்மினியின் எஞ்சின் பெரியது: 4 உருளைகள், 1089 கன சென்டிமீட்டர், சுமார் 40 குதிரைத்திறன். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதிக்கு 3 உருளைகளே. 796 கன சென்டிமீட்டர், சுமார் 37 குதிரைத்திறன். பெரிய எஞ்சின்தான் வெல்லும் என்று சொல்லத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள்!

ஒரு விநாடியில் கடக்கும் தூரம் வேகம். அந்த வேகம் விநாடிக்கு விநாடி எவ்வளவு கூடுகிறது என்பது முடுக்கம். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, ஒரே விசை செயல்படும்போது நிறை கூடினால் முடுக்கம் குறையும். பத்மினியின் நிறை ஏறத்தாழ 900 கிலோகிராம். மாருதியின் நிறை ஏறத்தாழ 650 கிலோகிராம்தான்.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஓட்டுநர் மட்டும் ஏறியிருக்கிறார். பத்மினியில் ஒவ்வொரு குதிரைத்திறனும் 24 கிலோகிராமை இழுக்க வேண்டும் (960 ÷ 40). மாருதியில் சுமார் 19 கிலோகிராம்தான் (710 ÷ 37). ஆகவே மாருதியே முன்னே பாயும்.

அப்படியானால் மாருதியின் உச்ச வேகமும் இதே அளவு மிகுதியாக இருக்குமா? இருக்காது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எஞ்சினின் விசை முழுவதும் தடைகளைச் சமாளிப்பதற்கே செலவாகும்போது முடுக்கம் சுழியாகிறது. அதுவே உச்ச வேகம். சமதளச் சாலையில் அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் எஞ்சினின் திறனும் காரின் வடிவமுமே. நிறைக்கு அதில் பங்கு குறைவு.

இனி, இரு கார்களிலும் ஐந்து பேரை ஏற்றுவோம். பத்மினியின் மொத்த நிறை 1200 கிலோகிராம். ஒரு குதிரைத்திறனுக்கு 30. மாருதியில் 950 கிலோகிராம்; ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 26. அதாவது, ஆட்கள் நிறைந்த மாருதி, ஓட்டுநர் மட்டும் செல்லும் பத்மினியைவிடவும் பின்தங்கிவிடும்! பத்மினியின் முடுக்கம் ஐந்தில் நான்கு பங்காகக் குறைகிறது. மாருதியின் முடுக்கமோ முக்கால் பங்காகிறது. கார் இலேசானதாக இருந்தால், ஏற்றும் பாரம் அதை மிகுதியாகப் பாதிக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. லாரி ஒன்றை முந்துவதற்காக மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்ட, ஓட்டுநர் தனியே செல்லும்போது 6 விநாடி ஆவதாகக் கொள்வோம். முடுக்கம் முக்கால் பங்கானால் 8 விநாடி ஆகும். அந்த 2 விநாடிகளில், எதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து 33 மீட்டர் நெருங்கிவிடும். நம் காரின் ஓட்டத்தையும் சேர்த்தால் இடைவெளி 70 மீட்டருக்கு மேல் சுருங்கும். நேற்றுத் தனியே எளிதாக முந்திய அதே இடத்தில், இன்று குடும்பத்துடன் முந்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

விளையாட்டுத் திடலில் நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மிதிவண்டியில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, 20 மீட்டர் கடக்க ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு நண்பர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அதே முயற்சியுடன் மிதியுங்கள். நேரம் எவ்வளவு கூடுகிறது? காரைவிட மிதிவண்டியில் இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? விடை மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது!